பேர் வாங்குதல்

மைனஸ் முப்பத்தாறில் பசை ஒட்டாது.
ஐந்நூறு நோட்டீஸ் அச்சடித்த பிறகுதான்
இது எனக்குத் தெரிந்தது.
உலான்பாத்தரில் எங்கள் வட்டாரம் முழுக்க
கையுறையைக் கழற்றி, மாட்டி, கழற்றி
படிக்கட்டுக் கதவுகளில் ஒட்டிவிட்டு வந்தேன்.
விடிந்தபோது அத்தனையும்
பனியில் குப்புறக் கிடந்தன.
உறைந்த வண்டிக்கு உயிர், இரவிலும் வருவோம்:
அந்த வாசகத்தின் மேல் ஒரு நாய்
மூன்று கால் பதித்துப் போயிருந்தது.
நான்காவதைத் தூக்கிய இடம்
மஞ்சள்.

வேலை எளிது.
பழைய வேன், இரண்டு பேட்டரி,
ஆறு மீட்டர் கேபிள்,
எஞ்சினுக்கு அடியில் சுடுகாற்று ஊதும் ஹீட்டர்.
சிவப்பு சிவப்போடு, கறுப்பு இரும்போடு.
கடினம் கூப்பிடவைப்பது.
கார் கிளம்பும் நாளில்
யாருக்கும் நான் வேண்டாம்.
கிளம்பாத நாளில்
யாரிடமும் என் எண் இல்லை.

தொழிலுக்குப் பேர் வேண்டும் என்றான் அக்கா மகன் ஷிஜிர்.
கழுகு, மின்னல், ஓநாய்.
மூன்றிலும் டயர்க்கடைகள் இருந்தன.
சரி, உன் பேரையே வை என்றான்,
சொன்னதும் சிரித்துவிட்டான்.
என் பேர் நெர்குய்.
எங்கள் மொழியில் அதற்கு
பெயர் இல்லை என்று பொருள்.
எனக்கு முன் இரண்டைப் பறிகொடுத்த அம்மா,
தேடி வரும் கெட்டது
கூப்பிடத் தெரியாமல் திரும்பட்டும் என்று வைத்தது.
நாற்பத்திரண்டு வருடமாக
நன்றாகத்தான் வேலை செய்கிறது.
வாடிக்கையும் அப்படியே திரும்பிப் போனால்?

ஒரு விடியற்காலை நாலு மணி.
ரொட்டிக்கடை ஒயூன்தெல்கெர்,
மெத்தை போர்த்திய காருக்குள்
வாயால் சாவியைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்.
பதினோரு நிமிடம். இருமியது, எழுந்தது.
எவ்வளவு என்றார்.
முப்பதாயிரம் துக்ரிக் என்று
வேனில் வரும்போதே சொல்லிப் பழகியிருந்தேன்.
வாய் பதினைந்து என்றது.
டீசலுக்கே ஒன்பது போயிற்று.

ஆனால் அவர் கடையில் வரிசை நீளம்.
யார் வந்து கிளப்பியது?
பெயர் இல்லை.
பேர்கூடக் கேட்கவில்லையா?
கேட்டேன், அதுதான் பேர்.
ரொட்டியோடு ரொட்டியாக
அந்தச் சிரிப்பும் சூடாகப் போயிருக்கிறது.
மதியத்துக்குள் ஏழு அழைப்பு:
அந்தப் பேரில்லாத அம்மாதானே?

வேன் கதவில் எழுத ஆள் பிடித்தேன்.
என்ன பேர் என்றான். சொன்னேன்.
மாலையில் போய்ப் பார்த்தால்
வெறும் எண் மட்டும், பெரிதாக,
மேலே ஒரு முழ வெள்ளை இடம்.
நீங்கள்தானே பேர் இல்லை என்றீர்கள் என்றான்.
அரைக்கூலி கொடுத்தேன்.
அந்த வெள்ளையைத்தான் இன்று
தெருமுனையிலிருந்தே அடையாளம் காண்கிறார்கள்.

இரண்டாம் குளிருக்கு தோல்கோரைச் சேர்த்தேன்,
டிராலி பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள்,
எவனிடமும் பாக்கி வைக்காதவள்.
வெள்ளை நிலவுப் பண்டிகையில்
ஊரே உறவு பார்க்கக் கிளம்பும்,
பாதி வண்டிகள் கிளம்பாது.
அந்த இரவுகளில் அவள் போனாள்,
நான் படுத்திருந்தேன்.
தூக்கம் வரவில்லை.
என் கை இல்லாமல் ஒரு கார் கிளம்புவதை
கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.
நெர்குய்தான் வர வேண்டும் என்றாராம் ஒருவர்.
நானும் நெர்குய்தான் என்றாளாம் இவள்,
முப்பதாயிரம், முதலில்.

விலை ஏறியது அவள் வாயால்.
எதிர்வீட்டுக்காரர் மட்டும் இன்னும்
பாலாடை ஒரு கிண்ணம் தந்துவிட்டு
பணப்பையைத் தொடாமல் போகிறார்.

ஏப்ரலில் தொலைபேசி செத்தது.
ஐந்து வாரம். சம்பளம் இரண்டு.
பேட்டரிகளைத் துடைத்தேன், மறுபடி துடைத்தேன்.
ஒரு மத்தியானம் மணி அடித்தது.
பனி உருகியதில் உங்கள் நோட்டீஸ் கிடைத்தது என்றது ஒரு குரல்,
ஓரத்தில் ஏதோ மஞ்சள் கறை,
எண் மட்டும் தெரிகிறது,
நீங்கள் கார் ஏசி பார்ப்பீர்களா?

பார்ப்போம் என்றேன்.
வியாழக்கிழமை வருகிறோம்.

இன்று செவ்வாய்.
ஷிஜிர் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.